மரப்பாதை முடியும் இடம்: மெரினாவின் அணுகல்தன்மையை மதிப்பிடுவது குறித்து

சென்னை மெரினாவில் விவேகானந்தர் இல்லத்தை ஒட்டிய பகுதியில், மணலின் குறுக்கே மாற்றுத்திறனாளிகளுக்காக அமைக்கப்பட்ட மரப்பாதை 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. அதன் நீளம் 263 மீட்டர், அகலம் 3 மீட்டர், செலவு ஏறத்தாழ 1.14 கோடி ரூபாய். அதற்கு முன்பு உலக மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3-ஐ ஒட்டிச் சில நாள்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போடப்பட்டுப் பிறகு அகற்றப்பட்டுவந்தது. புதிய பாதை திறந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே கரைகடந்த மாண்டஸ் புயலில் அதன் கடலோர முனை சேதமடைந்தது. பின்னர் அது செப்பனிடப்பட்டு மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது.

இந்தப் பாதையைப் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் இரண்டு வகையாக அமைகின்றன. சாய்தளம், கைப்பிடி, அகலம், கழிப்பறை, வாகன நிறுத்தம் என்று உறுப்புகளைப் பட்டியலிட்டு, இருப்பவற்றுக்கு மதிப்பெண் இடுவது முதல் வகை. இந்த அளவுகோலில் பாதைக்கு நல்ல மதிப்பெண்ணே கிடைக்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்க 1.8 மீட்டர் போதும் என்பது இந்திய அணுகல் வழிகாட்டு நெறிகளின் கணக்கு; இங்கே 3 மீட்டர் இருக்கிறது. மாண்டஸ் சேதத்தைச் சான்றாகக் கொண்டு, அலைவாய்க்கரையில் தடையற்ற அணுகலுக்கு இயற்கையே வரம்பு கட்டியிருக்கிறது என்று முடிப்பது இரண்டாம் வகை. முதலாவது மிகையாக மெச்சுகிறது. இரண்டாவது சீக்கிரமே கைவிட்டுவிடுகிறது. ஆனால் இரண்டும் அளப்பது ஒன்றைத்தான்: கட்டுமானத்தை. வருபவரின் பயணத்தை இரண்டுமே அளப்பதில்லை.

மெரினாவுக்கு வருகிறவர் எதற்காக வருகிறார் என்பதிலிருந்து மதிப்பீடு தொடங்க வேண்டும். இங்கே கடலில் இறங்கிக் குளிப்பது ஆபத்தானது. காவல்துறை அதைத் தடுக்கவும் செய்கிறது. எனவே நீச்சல் இந்தக் கரையின் இயல்பான பயன்பாடு அன்று. காற்று வாங்குவது, மணலில் உட்காருவது, சுண்டலோ பஜ்ஜியோ வாங்கித் தின்பது, அலையில் கால் நனைப்பது, இவைதாம் மெரினா. சமத்துவத்தை அளக்கும் கோலும் இதுவாகவே இருக்க முடியும். ஈரமணலுக்கு முன்பே பாதை நின்றுவிட்டால் கடலைப் பார்க்கலாம், தொட முடியாது. மற்ற எல்லாரும் இயல்பாகச் செய்யும் ஒன்றை ஒரு சாரார் மட்டும் மேடையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருக்கும் ஏற்பாட்டுக்கு முழு மதிப்பெண் தருவது சரியாகாது.

மாண்டஸ் சேதத்தை எப்படிப் படிப்பது என்பதே இங்கு மையமான கேள்வி. 'இயற்கை வரம்பு' என்னும் வாதம் மூன்று தனித்தனிச் செய்திகளை ஒன்றாகக் குழப்பிவிடுகிறது.

முதலாவது, சேதத்தின் இடம். புயல் பாதித்தது கடலோர முனையை. சாலையை ஒட்டிய மேட்டு மணலும் அலை ஏறி இறங்கும் முன்கரையும் ஒரே நிலம் அல்ல. மேட்டு மணல் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ நிலையாக இருக்கிறது. முன்கரையோ வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் அரிக்கப்பட்டுத் தாழ்கிறது, காற்று திரும்பிய பின் மெல்ல மெல்ல மீண்டும் நிரம்புகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலோர மணல் குறையும் என்பது மெரினாவின் மீனவக் குப்பங்களில் யாருக்கும் புதிய செய்தியன்று. முனை சிதைந்ததைக் காட்டி முழுப் பாதையும் இயலாத முயற்சி என்று சொல்வது, இந்த இரு நிலங்களின் வேறுபாட்டைக் காணத் தவறிய முடிவு.

இரண்டாவது, சேதத்தின் காலம். நிலையாக நிற்க வேண்டிய ஓர் அமைப்பு, வங்கக்கடலின் புயல் பருவம் உச்சத்தில் இருக்கும் நவம்பர் இறுதியில், கடைசிப் பலகைவரை நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட நிலையில் திறக்கப்பட்டது. டிசம்பர் 3-ஐ முன்னிட்டே அந்த நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று கருத இடமுண்டு. அந்த நோக்கத்தில் குறைகாண ஏதுமில்லை. என்றாலும் புயல் பருவத்தில் முன்கரையில் நிரந்தரப் பலகை நிற்காது என்பதைத்தான் மாண்டஸ் காட்டியது. முன்கரையில் எந்தப் பலகையும் எந்தப் பருவத்திலும் நிற்காது என்பதை அது காட்டவில்லை. இந்த இரண்டு கூற்றுகளுக்கும் நடுவே உள்ள தொலைவில்தான் இரண்டாம் வகை மதிப்பீடுகள் வழிதவறியிருக்கின்றன.

மூன்றாவது, இந்த மணற்பரப்பின் வரலாறு. மெரினாவின் அகலத்தை இயற்கை தந்த தடையாகக் கொள்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிவரை கடல் இன்றைய சாலைக்கு மிக அருகே இருந்தது. 1870-களில் தொடங்கிய துறைமுகக் கட்டுமானத்தின் அலைதடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தன. மறிக்கப்பட்ட மணல் தெற்கே மெரினாவாகக் குவிந்தது. மணல் வராமற்போன வடக்கே, இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை கரை அரிக்கப்பட்டது. அப்படியானால் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் அலைக்கும் நடுவே கிடக்கும் தொலைவின் பெரும்பங்கு, ஒரு பொறியியல் முடிவின் பக்கவிளைவு. மனிதர் செய்த ஒன்றால் விரிந்த தடையை, மனிதர் நீக்கக் கடமைப்படாத இயற்கைத் தடை என்று வகைப்படுத்துவதற்கு வரலாற்று அடிப்படை இல்லை.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தீர்வின் வடிவம் ஓரளவு தெளிகிறது. மேட்டு மணலில் நிரந்தரப் பாதை. முன்கரையில் கழற்றி எடுத்து வைக்கக்கூடிய பாய்களோ பலகைத் துண்டுகளோ. பருவமழைக்கு முன் அவற்றைக் கழற்ற வேண்டும், மணல் திரும்பியதும் மீண்டும் விரிக்க வேண்டும். இது புதிய யோசனை அன்று. அமெரிக்கக் கூட்டாட்சி நிலங்களுக்கான 2013-ஆம் ஆண்டு வெளிப்புற அணுகல் நெறிகள், அலையேறும் கடற்கரைகளில் அணுகுபாதை உயர் ஓத எல்லைவரை செல்ல வேண்டும் என்கின்றன. பாதை அகற்றத்தக்கதாக இருக்கலாம் என்பதையும் அவை ஏற்கின்றன. எல்லையை அங்கே நிறுத்தியிருப்பதால் அதுவே போதும் என்று சிலர் வாதிடக்கூடும். குறைந்தபட்சத் தேவையை இலக்காகப் படிக்கும் வாதம் அது. பார்சிலோனாவின் நோவா இக்காரியா கடற்கரையில் உதவியாளர் துணையுடன் கடலில் இறங்கும் ஏற்பாடு இருக்கிறது. கிரேக்கத்தில் தண்டவாளத்தின் மீது நாற்காலியை நீருக்குள் இறக்கும் கருவிகள் பல கரைகளில் நிறுவப்பட்டுள்ளன. மெரினாவின் அலைச்சீற்றத்துக்கு அவை பொருந்தா. ஆனால் கால் நனைக்கும் ஈரமணலுக்குச் செல்ல அவ்வளவு தொழில்நுட்பம் தேவையும் இல்லை.

சூழலியல் சார்ந்த ஓர் எதிர்வாதம் உண்டு: சென்னைக் கரையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன, பாதை அவற்றை மறிக்கும். ஆமைகளுக்கு ஒளியே பெரிய இடையூறு. அவை ஏறுவதோ இரவில். அந்த மாதங்களில் விளக்கை அணைத்து, முன்கரைத் துண்டுகளை மாலையில் சுருட்டிவைத்தால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். பாதையில் பொதுமக்கள் கூட்டம் நெரிகிறது, எனவே அது மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டுமாக வேண்டும் என்ற இன்னொரு வாதமும் கேட்கிறது. முதியவர்களும் குழந்தை வண்டியுடன் வரும் பெற்றோரும் அந்தப் பாதையை நாடுவதே அதன் தேவைக்குச் சான்று. நெரிசலுக்கு மருந்து இரண்டாவது பாதை.

பராமரிப்பை மதிப்பீட்டில் சேர்க்காத ஆய்வு பாதி ஆய்வுதான். கடற்காற்று தினமும் பலகைமேல் மணலைத் தூவுகிறது. சில அங்குல மணல் சேர்ந்தாலே முன்சக்கரம் புதைந்துவிடும். உப்பு ஈரத்தில் திருகாணி தளர்ந்து பலகை எழும்புகிறது. பலகைகளுக்கு இடையே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் ஊன்றுகோலின் முனையும் நாற்காலியின் சிறுசக்கரமும் சிக்கும். எனவே திறப்பு நாளில் எடுத்த அளவு பாதையின் அளவாகாது. கோடையில் ஒருமுறை, பருவமழைக்குப் பின் ஒருமுறை என இரு அளவீடுகளாவது வேண்டும்.

பாதை நேர்கோட்டில் சாலையையும் கடலையும் இணைக்கிறது. மெரினாவின் வாழ்க்கையோ பக்கவாட்டில் நடக்கிறது. கடைகளும் ராட்டினங்களும் இருபுறமும் மணலில் பரந்து கிடக்கின்றன. பாதையைவிட்டு ஓர் அடி விலகினால் மணல்தான். கிளைப்பாதை இல்லாத நிலையில், குடும்பத்தோடு வந்தவர் பாதையிலேயே காத்திருக்க, மற்றவர்கள் கடைக்குப் போய்த் திரும்புகிறார்கள். பட்டியல் முறை இந்தக் காத்திருப்பைப் பதிவுசெய்யாது; அதற்கென்று அதில் ஒரு கட்டம் இல்லை.

சக்கர நாற்காலியை மட்டும் மனத்தில் வைத்து அளப்பதும் போதாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. பார்வையற்றவருக்குக் கைப்பிடிக் கம்பி வழிகாட்டுகிறது. அது எங்கே முடிகிறது, அடுத்த அடியில் என்ன இருக்கிறது என்பதை அவர் காலடியிலோ விரலிலோ உணர வேண்டும். செவித்திறன் குறைந்தவருக்கு விசிலும் ஒலிபெருக்கியும் பயன்படா. அலை சீறும் நாளில் எச்சரிக்கை ஒலியாக மட்டும் வருமானால், அது உயிருக்கே ஆபத்து. கொடியும் மின்னும் விளக்கும் அதிகச் செலவு பிடிப்பவை அல்ல.

கடற்கரை ஒரு கட்டடம் அல்ல, ஆகவே சட்டத்தின் கட்டாயம் அதைத் தொடாது என்ற வாதம் நெடுங்காலம் செல்வாக்குடன் இருந்தது. ஆனால் சட்டத்தின் 40-ஆம் பிரிவு கட்டடங்களோடு நிற்காமல் பௌதிகச் சூழலையும் பொதுமக்களுக்கான வசதிகளையும் சேர்த்தே பேசுகிறது. 29-ஆம் பிரிவு பொழுதுபோக்கை உரிமையாக வைக்கிறது. வழிகாட்டு நெறிகளை வெறும் பரிந்துரையாக ஆக்கியிருந்த 15(1)-ஆம் விதி தாய்ச்சட்டத்துக்கு முரணானது என்று ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின், விருப்பத்தின் பேரில் செய்யப்படும் நலப்பணியாகக் கடற்கரை அணுகலைக் கருதுவது கடினம்.

பயணத்தை அலகாகக் கொண்டால் மதிப்பீடு மணலில் தொடங்காது. பேருந்து நிறுத்தத்தில் தொடங்கும். தாழ்தளப் பேருந்து வந்தாலும் நிறுத்தத்தின் தரை உயரம் பொருந்த வேண்டும். காமராஜர் சாலையைக் கடக்கும் இடம் சமதளமாக இருக்க வேண்டும். பச்சை விளக்கு எரியும் நேரம் ஊன்றுகோலின் வேகத்துக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். நடைமேடையிலிருந்து உட்சாலைக்கு, உட்சாலையிலிருந்து பலகைக்கு என ஒவ்வொரு இணைப்பிலும் ஓர் அங்குலப் படி இருந்தாலும் சங்கிலி அங்கே அறுந்துவிடுகிறது. அதன்பின் வரும் 263 மீட்டர் மரத்துக்குப் பொருளில்லை. திரும்பும் வழியில், இருட்டிய பிறகு, திறந்திருக்கும் கழிப்பறையும் இதே சங்கிலியின் ஒரு கண்ணி. மெட்ரோவின் நான்காம் வழித்தடம் கலங்கரை விளக்கத்தில் தொடங்கவிருக்கிறது. அங்கிருந்து மரப்பாதைவரை உள்ள நடைமேடையின் சரிவும் தொடுதளக் கற்களும் கடக்குமிடங்களும், தோண்டிய சாலையை மூடிச் சீரமைக்கும்போதே முடிவாகிவிடும். அந்த வரைபடங்கள் மாற்றுத்திறனாளிகள் இடம்பெறும் குழுவொன்றின் முன் வைக்கப்பட வேண்டும். சாலை மூடப்படுவதற்கு முன்பாகவே அது நடக்க வேண்டும்.