நஞ்சைக் காட்டிய கண்ணாடிக் குழாய்



வெள்ளைப் பாஷாணத்துக்கு மணம் இல்லை. சொல்லத்தக்க சுவையும் இல்லை. அதை உட்கொண்டவர் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு மடிவார். சுற்றத்தார் காலரா என்று எண்ணி அடக்கம் செய்துவிடுவார்கள். ஆகவே பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவில் கொலைஞர்க்கு உகந்த நஞ்சாக அது விளங்கிற்று. ஐயம் எழுந்தாலும் மெய்ப்பிப்பது அரிது. இறந்தவர் உடலில் எஞ்சியிருக்கும் நஞ்சு மிகச் சொற்பம். அச்சொற்பத்தைக் காண இரசாயன நூல் எவ்வாறு கற்றது, கற்றபின் எங்கே தடுக்கி விழுந்தது என்பதை இன்று பார்ப்போம்.

1830-களின் தொடக்கத்தில், லண்டனை அடுத்த பிளம்ஸ்டெட்டில் ஜார்ஜ் போடில் என்ற முதிய விவசாயி காப்பி அருந்தியபின் இறந்தார். பழி பேரன் ஜான் போடில்மீது விழுந்தது. வுல்லிச் ஆயுதச்சாலையில் பணியாற்றிய இரசாயன அறிஞர் ஜேம்ஸ் மார்ஷிடம் சோதனை ஒப்படைக்கப்பட்டது. அக்கால முறைப்படி அவர் ஹைட்ரஜன் ஸல்பைடு வாயுவைச் செலுத்தினார். ஆர்ஸெனிக் இருப்பதற்கு அறிகுறியான மஞ்சள் நிறப் படிவு தோன்றிற்று. ஆனால் ஜூரிகளிடம் காட்டும் நாளில் அப்படிவு கெட்டுப் போயிருந்தது. பேரன் விடுதலை பெற்றான்.

மார்ஷ் சும்மா இருக்கவில்லை. நாட்பட நிற்கக்கூடிய, எவர் கண்ணுக்கும் புலப்படக்கூடிய சான்று ஒன்றைத் தேடினார். 1836-இல் தம் முறையை வெளியிட்டார். ஐயத்துக்குரிய பொருளைத் துத்தநாகத்துடனும் கந்தக அமிலத்துடனும் சேர்க்கவேண்டும். அப்போது ஹைட்ரஜன் வெளிப்படும். ஆர்ஸெனிக் இருந்தால், அது ஹைட்ரஜனுடன் கூடி ஆர்ஸைன் என்னும் வாயுவாகும். அவ்வாயுவைச் சூடேற்றிய கண்ணாடிக் குழாய் வழியே விட்டால் அது சிதைந்து, குழாயின் குளிர்ந்த பகுதியில் ஆர்ஸெனிக் பளபளப்பான கரிய படலமாக ஒட்டிக்கொள்ளும். ஒரு மில்லிகிராமில் 50-இல் 1 பங்கு ஆர்ஸெனிக்கையும் இம்முறை காட்டிவிடும்.

நான்கே ஆண்டுகளில் ஐரோப்பா முழுவதும் இச்சோதனையைப் பற்றிப் பேசலாயிற்று. 1840-இல் பிரான்ஸில், கணவனை நஞ்சிட்டுக் கொன்றதாக மாரீ லஃபார்ஜ் என்ற இளம்பெண் துல் நகரில் விசாரிக்கப்பட்டாள். உள்ளூர் அறிஞர்களின் முடிவுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. பாரிஸிலிருந்து ஒர்ஃபிலா என்னும் நஞ்சியல் பேரறிஞர் வரவழைக்கப்பட்டார். அவர் உடலில் ஆர்ஸெனிக் இருப்பதாகக் கூறினார், கூறியதோடு அமையவில்லை. அந்த நஞ்சு தாம் பயன்படுத்திய இரசாயனங்களிலிருந்து வந்ததன்று, சவப்பெட்டியைச் சூழ்ந்த மண்ணிலிருந்து வந்ததுமன்று என்றும் விளக்கினார். மாரீக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அத்தீர்ப்பு முறையானதா என்று பிரெஞ்சு மக்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டனர்.

ஒர்ஃபிலா அவ்விளக்கத்தை ஏன் தரவேண்டியிருந்தது? துத்தநாகத்திலும் கந்தக அமிலத்திலும் ஆர்ஸெனிக் மாசாகக் கலந்திருப்பதுண்டு. பழைய முறைகளின் மந்தப் பார்வைக்கு அம்மாசு தெரியாது. மார்ஷின் கூர்மையான முறையோ அதையும் பிடித்துவிடும். அப்போது குழாயில் படிந்த கறை குற்றவாளியின் நஞ்சா, சோதிப்பவரின் பொருளிலிருந்த மாசா?

இக்கேள்வியை மறந்ததால் 1859-இல் இங்கிலாந்தில் ஓர் உயிர் ஊசலாடியது. இஸபெல்லா பேங்க்ஸ் என்ற மாதை நஞ்சிட்டுக் கொன்றதாக மருத்துவர் தாமஸ் ஸ்மெதர்ஸ்ட் கைதானார். அவரிடமிருந்த புட்டி ஒன்றில் ஆர்ஸெனிக் உண்டு என்றார் புகழ்பெற்ற நஞ்சியல் அறிஞர் ஆல்ஃபிரட் ஸ்வெயின் டெய்லர். அவர் கையாண்டது ரைன்ஷ் என்பவரின் முறை. அதில் ஐயத்துக்குரிய பொருளோடு அமிலத்தில் செம்பையும் இட்டுக் காய்ச்சுவார்கள். ஆர்ஸெனிக் செம்பின்மேல் படியும். ஆனால் புட்டியிலிருந்த பொட்டாசியம் குளோரேட்டு செம்பு வலையையே கரைத்துவிட்டது. செம்பில் மறைந்திருந்த ஆர்ஸெனிக் வெளிப்பட்டது. நஞ்சைத் தேடியவரே நஞ்சைக் கொண்டுவந்து வைத்திருந்தார்!

டெய்லர் இத்தவற்றை நீதிமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார். ஆயினும் ஜூரிகள் மரண தண்டனைக்கு வழிவகுத்தனர். பின்னர் அரசாங்கம் ஸர் பெஞ்சமின் பிராடி என்ற மருத்துவரின் கருத்தைக் கேட்டது. குற்றம் ஐயத்துக்கிடமாக இருப்பதால் ஸ்மெதர்ஸ்டுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது.

இரசாயன அறிஞர்கள் இதற்குக் கண்ட பரிகாரம் மிக எளியது. ஐயத்துக்குரிய பொருளைச் சேர்க்காமல், மற்றப் பொருள்களை மட்டும் கொண்டு அதே சோதனையை முதலில் செய்துபார்க்க வேண்டும். அதில் கறை தோன்றாவிட்டால்தான் அடுத்த சோதனையில் தோன்றும் கறைக்குப் பொருள் உண்டு.

இன்று வங்காளத்திலும் பங்களாதேஷிலும் நிலத்தடி நீரில் ஆர்ஸெனிக் கலந்து இலட்சக்கணக்கானோரை வருத்துகிறது. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்குமேல் அது இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு வரம்பு. மார்ஷின் குழாய் காட்டிய சிற்றளவு அவ்வரம்பிலுள்ள நீரில் 2 லிட்டருக்குச் சமம். இன்றைய கருவிகள் அதனினும் பன்மடங்கு குறைந்த அளவையும், ஒரு சில துளி நீரிலேயே அறிந்து சொல்கின்றன. ஆனால் அக்கருவிகளின் முன்னும் கிணற்று நீர் மட்டும் வைக்கப்படுவதில்லை. தூய நீரும் வைக்கப்படுகிறது. உங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் வெறுங் குழாயிலும் சோதனையைச் செய்துபார்க்கச் சொல்லும்போது அதை வீண்வேலை என்று கருதாதீர்கள். ஒரு மனிதனைத் தூக்குமேடைக்கு அனுப்புவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது அவ்வெறுங் குழாயைப் பொறுத்திருந்த காலம் உண்டு.