மனச்சோர்வின் வகைகள்: தில்லியை முன்வைத்து

மனச்சோர்வு ஒரே நோயன்று. ஒன்றுபோலத் தோன்றும் பல நோய்நிலைகளுக்கு வழங்கும் பொதுப்பெயர். துயரமோ எதிலும் நாட்டமின்மையோ குறைந்தது இரண்டு வாரம் விடாமல் நீடித்து, அதனுடன் தூக்கமும் பசியும் கவனமும் கெட்டு, தான் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணமும் சாவு பற்றிய நினைப்பும் சேர்ந்துகொண்டால் அது பெருமனச்சோர்வு. அத்தனை கடுமையில்லாமல் இரண்டு ஆண்டுக்கு மேல் இழுத்துக்கொண்டே போவது நாட்பட்ட மனச்சோர்வு. இதைப் பலரும் நோயென்றே எண்ணாமல் 'அவர் சுபாவமே அப்படி' என்று விட்டுவிடுகிறார்கள். மிகையெழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாற்றின் தாழ்நிலை, பேறுகாலத்தை ஒட்டி வருவது, மாயக்குரல்களும் பொய் நம்பிக்கைகளும் கலந்தது, தைராய்டு குறைவாலோ பி12 சத்துக்குறைவாலோ வருவது என மற்றவையும் உண்டு. வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒரே சோர்ந்த முகம்தான். ஆனால் ஒன்றுக்குக் கைகொடுக்கும் வைத்தியம் இன்னொன்றுக்கு வீண்; சில வேளைகளில் தீங்கும்கூட. ஆகவே எந்த வகை என்று கேட்பதிலேயே சிகிச்சை தொடங்கிவிடுகிறது.

தில்லியில் பெரிய மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லை. அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் மனநலத்துறை இருக்கிறது. ஷாதராவில் 1966இல் மனநோய் மருத்துவமனையாகத் தொடங்கி, உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு 1993இல் தன்னாட்சி நிறுவனமாக மாற்றியமைக்கப்பட்ட இஹ்பாஸ் இருக்கிறது. குறை பெரும்பாலும் அதற்கு முந்தைய படியில், தெருமுனை மருத்துவரிடம் நேர்கிறது. தலைபாரம், உடம்பு வலி, 'கேஸ்', படபடப்பு, தூக்கமின்மை என்று சொல்லிக்கொண்டு வருபவர் ஒரு சத்து மாத்திரை, வாயுவுக்கு ஒன்று, தூக்கத்துக்கு அல்பிரசோலம் என்று வாங்கிக்கொண்டு திரும்புகிறார். நோயாளிக்குத் தன் மனம் தெரியவில்லை என்று இதற்குக் காரணம் சொல்வது எளிது, சரியன்று. பெங்களூருவின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் புறநோயாளிகளிடம் ரகுராம் குழுவினர் நடத்தி 1996இல் வெளியிட்ட ஆய்வில், மனத்துயரைச் சொன்னவர்கள் அவமானத்தையும் கூடுதலாக உணர்ந்தார்கள். உடல் வலியைச் சொன்னவர்களிடம் அது குறைவாக இருந்தது. வலியைப் பேசினால் மானம் தப்பும் என்பது அறியாமை ஆகாது, அது ஒரு கணக்கு. 2015–16 தேசிய மனநல ஆய்வில் மனச்சோர்வுள்ளோரில் சுமார் 85 சதவீதத்தினர் சிகிச்சை பெறாதவர்கள் என்று வந்ததில் இந்தக் கணக்குக்கும் பங்கிருக்கும்.

வகையைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை இருமுனைக் கோளாறு துலக்கமாகக் காட்டும். இதன் தாழ்நிலையில் இருப்பவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் அது அவரைக் கட்டுக்கடங்காத மிகையெழுச்சிக்குத் தள்ளிவிடக்கூடும். ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் பயன்கண்ட லித்தியம் போன்ற மனநிலை சீராக்கிகளே இதற்கு அடிப்படை மருந்து. லித்தியம் எடுப்பவருக்கு அவ்வப்போது ரத்தத்தில் அதன் அளவு பார்க்க வேண்டும். முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், பேச்சு அடங்காமல், கையிருப்பையெல்லாம் வாரி இறைத்த நாட்கள் உண்டா என்ற ஒரே கேள்வி இங்கே பெரிய ஆபத்தைத் தவிர்க்கும். அதையும் உடன் வந்தவரிடம் கேட்பது நல்லது, ஏனெனில் அந்த நாட்களை நோயாளி நோயாக நினைவு வைத்திருப்பதில்லை. பேறுகால மனச்சோர்வும் அப்படித்தான் நழுவுகிறது. பிரசவமான சில நாட்களில் வரும் அழுகை இரண்டு வாரத்தில் தானே அடங்கும். அடங்காவிட்டால் அது வேறு. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனத்தின் இதழ் 2017இல் வெளியிட்ட கட்டுரை, 22 சதவீதத் தாய்மார்களுக்கு இது இருப்பதாக மதிப்பிட்டது. பணக்கஷ்டம், கணவனின் அடி, ஆதரவின்மை, பெண் குழந்தை பிறந்தது ஆகியவை காரணிகளாகத் திரும்பத் திரும்ப வந்தன. தாய்க்கு மாத்திரை எழுதிவிட்டு வீட்டைப் பற்றிக் கேட்காதவர் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார்.

மனநல மருத்துவர்களே போதாத நாட்டில் வகைபிரித்தல் ஆடம்பரம் என்று ஒரு மறுப்பு உண்டு. கோவாவில் விக்ரம் பட்டேல் குழுவினர் நடத்தி 2017இல் 'லான்செட்' வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில். முன்பு மனநலப் பயிற்சி பெற்றிராத உள்ளூர் ஆலோசகர்கள், ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடுமையான மனச்சோர்வுள்ளோரைச் சில அமர்வுகள் சந்தித்தார்கள். விட்டுப்போன அன்றாட வேலைகளையும் பிடித்த காரியங்களையும் சிறுகச்சிறுக மீட்டெடுக்க வைப்பதே அவர்கள் முறை. மூன்று மாதத்தில் 64 சதவீதத்தினர் தேறினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். பெரும்பகுதி வேலையை ஆலோசகர் தாங்கினால், சிக்கலான வகைகள் மட்டும் நிபுணரிடம் போகும். பிரித்தறிவது, அரிதாக உள்ள நிபுணரின் நேரத்தை மிச்சப்படுத்தும் வழியே.

இன்னொரு மறுப்பு கனமானது. வேலையின்மையும் வாடகையும் கடனும்தான் நோய், அதற்கு மாத்திரை எதற்கு என்பது. இதில் உண்மை இருக்கிறது, ஆனால் முழுதும் இல்லை. தில்லிக் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்த வீணா தாஸ், ஜிஷ்ணு தாஸ், ரணேந்திர குமார் தாஸ் ஆகியோரின் 2012 ஆய்வு, பெண்களின் மனநலக் குறைவை வருமானத்தைவிடக் குழந்தையை இழந்தது போன்ற பேறு சார்ந்த துயரங்களோடே கூடுதலாக இணைத்தது. வறுமை என்ற ஒற்றைச் சொல்லால் அதை விளக்க முடியாது. மருந்தைப் பொறுத்தவரை, 21 மருந்துகளை 522 சோதனைகளின் வழி ஒப்பிட்ட 2018ஆம் ஆண்டுத் தொகுப்பு, எல்லாமே மருந்தற்ற போலிமாத்திரையைவிட மேல் என்றது. அந்த மேன்மை மிதமானதே. லேசான சோர்வுக்குப் பேச்சும் நடையும் ஒழுங்கான தூக்கமும் முதலில். கடுமையானதற்கு மருந்தும் சேரட்டும் என்பதே இதிலிருந்து நியாயமாகப் பெறக்கூடிய முடிவு. சமூகக் காரணத்தால் வந்த நோய்க்கு மருந்து கூடாது என்பது, குடிநீர் கெட்டு வந்த காலராவுக்கு உப்புநீர் ஏற்றக்கூடாது என்பது போலாகும். சமூகத்துக்குப் பதிலாக வானிலையைக் காரணமாக்கி, தில்லியின் குளிர்காலப் பனிமூட்டத்தைப் பருவகால மனச்சோர்வோடு முடிச்சுப்போடும் பேச்சைக் கொஞ்சம் தள்ளியே வைக்கலாம். நார்மன் ரோசன்தால் 1984இல் விவரித்த அந்நோய், பகல் வெகுவாகச் சுருங்கும் வட நிலங்களோடு சேர்த்தே பெரிதும் பேசப்படுவது. தில்லியின் மிகக் குறுகிய பகலே 10 மணி நேரத்தைத் தாண்டும், லண்டனில் 8 மணிகூட இல்லை.

வீட்டார் செய்யக்கூடியதும் வகையைப் பொறுத்ததே. நாட்பட்ட சோர்வில் இருப்பவரிடம் 'மனசைத் தேத்திக்கோ' என்பது பயன் தராது. மாலையில் உடன் நடப்பது தரும். மாயக்குரலோ, சாப்பாட்டையே மறுப்பதோ இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே மின்னதிர்வு சிகிச்சையைப் பரிந்துரைத்தால் பயப்படத் தேவையில்லை, மயக்கமருந்து இன்றி அதைக் கொடுப்பதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடுக்கிறது. சாவைப் பற்றிப் பேசுபவரிடம் அதைப் பற்றி நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. அதே சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்கிறது. வழக்குக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தவிர்ப்பதற்குக் காரணமில்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416 தமிழிலும் பேசும். தேறிய பிறகும் மருந்தைப் பொதுவாக ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடரச் சொல்வார்கள். நிறுத்துவதானால் மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும்.