அறுவையா, கண்காணிப்பா: தொடக்கநிலைப் புராஸ்டேட் புற்றுநோய் குறித்த பிரிட்டன் ஆய்வு

1. சிக்கல்

புராஸ்டேட் சுரப்பிக்குள் அடங்கிய புற்றுநோய் பலருக்கு மிக மெதுவாகவே வளர்கிறது. சிலருக்கு மட்டும் எலும்புக்குப் பரவுகிறது. புராஸ்டேட் சுரக்கும் புரதத்தின் அளவைக் காட்டும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை பரவலானதும் இருவகையும் சேர்ந்தே பிடிபட்டன. எல்லோருக்கும் சுரப்பியை அகற்றத்தான் வேண்டுமா?

2. ஆய்வின் அமைப்பு

ஃப்ரெடி ஹம்டி, ஜென்னி டோனோவன், டேவிட் நீல் ஆகியோர் வழிநடத்திய 'புரொடெக்ட்' ஆய்வில், 1999 முதல் 2009 வரை 50-69 வயதுள்ள 82,429 ஆண்களுக்குப் பிஎஸ்ஏ பார்க்கப்பட்டது. நோய் சுரப்பிக்குள் இருப்பதாகக் கணிக்கப்பட்ட 1,643 பேர் குலுக்கல் முறையில் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்று பிரிவினராயினர். கண்காணிப்பு என்பது கைவிடுதல் அன்று: முதலாண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிஎஸ்ஏ, பிறகு ஆறு மாதம் முதல் ஓராண்டு இடைவெளியில். ஓராண்டுக்குள் அளவு 50 சதவீதம் ஏறினால் மறுபரிசீலனை.

3. உயிரும் பரவலும்

15 ஆண்டு முடிவுகள் 2023இல் வெளியாயின. இந்நோயால் இறந்தோர் கண்காணிப்பில் 3.1, அறுவையில் 2.2, கதிர்வீச்சில் 2.9 சதவீதம், இது புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அன்று. மொத்தம் 356 மரணங்களில் 45க்கு மட்டுமே இந்நோய் காரணம். ஆனால் பரவல் கண்காணிப்பில் 9.4, அறுவையில் 4.7 சதவீதம். கண்காணிப்பை ஆதரிப்பவர்கள் இந்த எண்ணை மறைக்கக் கூடாது. நோயாளியிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

4. அன்றாட வாழ்வு

சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்திருக்கிறது; விறைப்புக்கான நரம்புகள் அதன் இருபுறமும் ஒட்டி ஓடுகின்றன. அறுவையில் தேர்ந்த கையும் அவற்றை முழுதாகக் காப்பது அரிது. ஆறாம் மாதத்தில் அறுவைப் பிரிவில் 46 சதவீதத்தினர் சிறுநீர்க் கசிவுக்குப் பேட் வைத்தனர்; கண்காணிப்பில் 4 சதவீதம். ஆறாண்டு கழித்தும் அறுவையில் 17, கண்காணிப்பில் 8 சதவீதம். உறவுக்குப் போதிய விறைப்பு ஆறாம் மாதத்தில் இருந்தது அறுவையில் 12, கண்காணிப்பில் 52 சதவீதத்தினருக்கு. இருமினால் கசியும், பளு தூக்கினால் கசியும், வெளியே கிளம்பும்போது பையில் மாற்றுத் துணி வேண்டும்; வெட்கத்தால் மருத்துவரிடம்கூட இதைப் பலர் சொல்வதில்லை. அறுவைக்குக் கையெழுத்திடும் முன் பேசப்பட வேண்டியது இதுவே.

5. யாருக்குப் பொருந்தும்

தீவிரத் தரமுள்ள கட்டிக்கு இம்முடிவுகள் பொருந்தா. அன்று பிஎஸ்ஏ ஒன்றையே பெரிதும் நம்பினர். இன்று எம்ஆர்ஐயும் மீண்டும் எடுக்கும் பயாப்ஸியும் கூடுதல் துணை. கண்காணிப்பில் தொடங்கியவர்களில் சுமார் 61 சதவீதத்தினர் பின்னர் சிகிச்சைக்கு மாறினர். 15 ஆண்டு கழித்தும் 24.4 சதவீதத்தினர் எந்தச் சிகிச்சையும் பெறாமல் உயிருடன் இருந்தனர். மாறியவர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகள் பக்கவிளைவின்றிக் கழிந்தன. ஆகவே, நோய் தெரிந்த வாரமே அறுவைக்கு நாள் குறிக்கும் அவசரத்துக்கு, தரம் குறைந்த கட்டியைப் பொறுத்தவரை ஆதாரம் இல்லை.