கொழும்பிலிருந்து சென்ற கண்ணொளி

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பு மாநகரின்மீது குண்டு பொழிந்தன. நகரத்தார் பலர் வீடுவாசல்களைத் துறந்து வெளியூர்களுக்கு ஓடினர். அதே கொழும்பிலிருந்து பிற்காலத்தில் ஜப்பானுக்குக் கண்கள் சென்றன. வரலாறு கற்போர் சிந்திக்கத் தக்கது இம்மாற்றம்.

இதற்கு இருவர் வழிகோலினர். ஒருவர் அரசியலாளர், மற்றவர் மருத்துவர். 1951 செப்தெம்பரில் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டிலே ஜே. ஆர். ஜயவர்த்தன புத்தர்பிரானின் அறவுரையொன்றை எடுத்தாண்டு, ஜப்பானிடம் இலங்கை போர் இழப்பீடு கோராது என அறிவித்தார். அச்சொல்லுக்குச் செயல்வடிவம் தந்தவர் வைத்திய கலாநிதி ஹட்சன் சில்வா எனலாம். 1958இல், மருத்துவ மாணவராயிருந்தபோதே, இறந்தோர் கண்ணால் இருப்போர் ஒளி பெறலாம் எனச் சிங்களப் பத்திரிகையில் எழுதி மக்களை வேண்டினார். இனக்கலவரம் நாட்டை உலுக்கிய ஆண்டும் அதுவே. ஜப்பானில் விழிவெண்படல மாற்றுச் சிகிச்சைக்கெனச் சட்டம் இயற்றப்பட்டதும் அவ்வாண்டிலேயாம்.

அவர் துணைவியார் இரங்கனியுடன் முயன்று 1961இல் கண்தானச் சங்கத்தை நிறுவினார். 1964இல் கண்கள் பனிக்கட்டியிலே வைக்கப்பட்டுச் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டன. பின்னர் ஜப்பான், பாகிஸ்தான் முதலிய பல நாடுகளுக்கும் அவை சென்றன. 1990களில் எலும்பு, தோல் முதலியவற்றைப் பேணும் திசு வங்கியும் உருவாயிற்று. 1996இல் ஜயவர்த்தன மறைந்தபின் அவர்தம் விழிவெண்படலமொன்று ஜப்பானியர் ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. 1999இல் ஹட்சன் சில்வா மறைந்தார். அவர் தொடங்கிய பணி மறையவில்லை.

இச்சிகிச்சையில் முழுக்கண்ணும் மாற்றப்படுவதில்லை. கண்ணின் முன்புறத்தில் ஒளிபுகவிடும் விழிவெண்படலமே மாற்றப்படுகின்றது. அதிற் குருதிக் குழாய்கள் இல்லை. ஆதலின் பிறருடைய படலத்தை உடல் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். எடுவார்ட் சிர்ம் என்பார் 1905இலேயே இதனை வெற்றியுறச் செய்துகாட்டினார். ஆயின் இறந்த சில மணி நேரத்துள் கண்ணை எடுத்தல் வேண்டும். எனவே உறவினரின் உடன்பாடின்றி அறிவியல் ஒன்றும் செய்ய இயலாது.

அவ்வுடன்பாட்டைப் பௌத்த மக்களிடம் பெறுவதற்குச் சிவி மன்னனின் சாதகக் கதை பெருந்துணை புரிந்தது. அக்கதையில் மன்னன் தன் கண்களையே ஈகின்றான். நம்மவர் அறிந்த சிபியோ புறாவின் பொருட்டுத் தன் தசையை அரிந்தான். கண்ணீந்த அடியாரும் நமக்கு உளர். காளத்தியில் கண்ணப்பர் செய்தது யாது? அவர்கள் உயிருடன் இருக்கையிலேயே ஈந்தனர். ஹட்சன் சில்வா கேட்டதோ, தீக்கு இரையாகப் போவதை மட்டுமே.

கண்ணின்றி எரித்தால் மறுபிறவியிற் குருடாவர் எனும் அச்சம் நம் இல்லங்கள் சிலவற்றில் இன்னும் உண்டு. உடல் அழியும், வினையே உயிரைத் தொடரும் என்பதன்றோ நம் சமயக் கொள்கை? அங்ஙனமாயின் ஈகை நல்வினையாதலன்றிக் குறையாதல் எங்ஙனம்? கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் நாம் இதனை வீட்டிலே பேசுதல் வேண்டும். துயர் சூழ்ந்த வேளையிற் பேச நாவெழாது. ஆதலின் முன்னரே பேசுதல் நன்று. மாணவர்காள், பெற்றோரிடம் இப்பேச்சைத் தொடங்கும் பொறுப்பு உங்களுடையதாகுக.