பழுது என்னும் சொல்: 1984-85இல் மூடிக்கொண்ட கடல்

பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் அக்கரைப் படகுக்காக நின்றிருந்த ஒரு காலை ஞாபகம் இருக்கிறது. மோட்டார் மக்கர் பண்ணியது. 'செத்த நேரத்துல சரியாயிடும், உக்காருங்க தம்பி' என்றார் படகுக்காரர். கூடைக்காரப் பெண்கள் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு வெற்றிலைப் பையை அவிழ்த்தார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. எரிச்சல்பட்டது நான் ஒருவன்தான், கையில் கடிகாரம் கட்டியிருந்தவனும் நான் ஒருவன்தான். அந்தப் பெண்களுக்கு நஷ்டமில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. கூடைக்குள் மீன் கெட்டுக்கொண்டிருந்தது. ஆனால் அந்த நஷ்டத்தைக் கணக்கெழுதும் நோட்டு எங்கும் கிடையாது. 'படகு பழுது' என்று இரண்டு வார்த்தையில் முடிந்துபோகும்.

நமது துறைமுக வரலாறுகள் வந்துசேர்ந்த கப்பல்களின் வரலாறுகள். வராத கப்பல் ஆவணத்தில் இல்லை. பரங்கிப்பேட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். போர்ட்டோ நோவோ, மஹ்மூத் பந்தர் என்று பல பெயர்கள் அதற்கு. போர்த்துகீசியர் வந்தார்கள், டச்சுக்காரர் வந்தார்கள், 1781 ஜூலை 1இல் ஐர் கூட்டின் படை இங்கேதான் ஹைதர் அலியைத் தோற்கடித்தது, 1830இல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் இரும்பாலை வைத்தார். இவ்வளவும் புத்தகத்தில் இருக்கிறது. கரையில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தவன் மட்டும் இல்லை.

பாய்மரக் காலத்தில் இங்கிருந்து அச்சேவுக்கும் மலாக்காவுக்கும் போன கப்பல்களைப் பற்றி சின்னப்பா அரசரத்தினம் விரிவாக எழுதியிருக்கிறார். சோழமண்டலக் கரையின் முஸ்லிம் கப்பல் வணிகர்களுக்கு இது முக்கியமான ஊர். கச்சான் காற்று கிழக்கே கொண்டுபோகும், வாடை திருப்பிக் கொண்டுவரும். காற்று திரும்பவில்லையென்றால் ஆறு மாசம் அங்கேயே இருக்க வேண்டியதுதான். அந்த ஆறு மாசத்தில் பள்ளிவாசல் கட்டினார்கள், கல்யாணம் பண்ணினார்கள், பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சூலியா தெரு என்று பேர் நிலைக்கும் அளவுக்குத் தங்கினார்கள். காத்திருப்பு பயணத்தின் பகுதியாக இருந்தது. அதைத் தாமதம் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் தாமதம் என்பதற்கு முதலில் ஒரு கால அட்டவணை வேண்டும்.

நீராவி அந்த அட்டவணையைக் கொண்டுவந்தது. 'இத்தனாம் தேதி, இத்தனை மணிக்கு' என்று கம்பெனி அச்சடித்து ஒட்டியபிறகுதான் 'லேட்' பிறந்தது, 'பழுது' பிறந்தது. கூடவே மூன்றாவதாக ஒன்று: ஓடக்கூடிய கப்பலை ஓடவிடாமல் செய்வது. வ.உ.சி. கதையை நாம் தியாகத்தின் கதையாகவே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். அதைப் போக்குவரத்தின் கதையாகவும் படிக்கலாம். 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானது. முதலில் வாடகைக்குக் கப்பல் கொடுத்த பம்பாய்க் கம்பெனி, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் நெருக்கடியில் பின்வாங்கியது. 1907இல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் சொந்தமாக வந்தன. எதிரிக் கம்பெனி தூத்துக்குடி-கொழும்பு கட்டணத்தை வெட்டிக்கொண்டே வந்தது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைது, 1911இல் சங்கம் கலைப்பு. இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை. கோளாறு சந்தையில் வைக்கப்பட்டது, மீதியை நீதிமன்றம் பார்த்துக்கொண்டது.

கிழக்குப் பாதையில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்கு அப்படியொரு போட்டி இல்லை. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. ஆரம்பத்தில் ஐயாயிரத்துக்கு மேல் டெக் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. ஐயாயிரம்! ஒரு கிராமத்தைப் பாயோடு சுருட்டி ஏற்றுகிற கணக்கு. இந்தப் பயணிகளுக்குச் சட்டம் வைத்த பெயர்களைப் பாருங்கள். 1887ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே 'நேட்டிவ்' பயணிக் கப்பல்கள் சட்டம். சுதந்திரத்துக்குப் பின் 1958இல் வந்த வணிகக் கப்பல் சட்டத்தில் அவர்கள் 'படுக்கை இல்லாத பயணிகள்' ஆனார்கள். சுதேசி என்ற அடையாளம் போய், இல்லாமை ஒன்றே அடையாளமாக மிஞ்சியது.

பரங்கிப்பேட்டைக்காரர் சபர் போகிறார் என்றால் ஊர் ஸ்டேஷனில் ரயிலேறி மாயவரம், திருவாரூர் வழியாக நாகப்பட்டினம். அங்கே கப்பல் கரைக்கு வராது, திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். தோணியில் போய் ஏற வேண்டும். கடல் கொந்தளித்தால் தோணி போகாது. கப்பல் கண்ணுக்குத் தெரியும், ஆனால் ஏற முடியாது. வழியனுப்ப வந்த குடும்பம் கரையில் சோறு பொங்கித் தின்றுகொண்டு நிற்கும். இந்த இடைவெளி, கண்ணுக்குத் தெரிகிற கப்பலுக்கும் கால் வைக்கிற மணலுக்கும் நடுவிலான அரை மைல், ஒரு மைல், அதுதான் டெக் பயணியின் வரலாறு நடந்த இடம் என்று எனக்குத் தோன்றுகிறது. பினாங்கில் இறங்கும்போதும் இதே கதைதான். கேபின் பயணி நேரே ஊருக்குள் போவார். டெக் பயணியைத் தனிமைத் தீவில் வைத்து நோய் பார்ப்பார்கள். காலரா கூட வகுப்பு பார்த்துத்தான் கப்பலேறும் போலிருக்கிறது.

ரஜூலாவைப் பற்றி இன்று ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் உண்டு. அந்த ஏக்கத்தில் நான் பங்குகொள்ளத் தயாரில்லை. வாந்தி நாற்றத்தில், எஞ்சின் சூட்டில், பெண்கள் சேலையைத் திரைகட்டிப் படுத்த தட்டு அது. தோட்டத்துக்குக் கங்காணி ஓட்டிக்கொண்டுபோன ஜனங்கள் படுத்த தட்டும் அதுதான். ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. ஏழைக்குக் கட்டுப்படியாகிற விலையில் கடல் தாண்டுகிற வழி ஒன்று இருந்தது. மலாயாவுக்கு உதவிபெற்று ஆள் போவதை இந்திய அரசு 1938இல் தடை செய்தபின்பும், பிந்தைய குடியேற்றச் சட்டங்கள் கதவை நெருக்கியபின்பும், பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்க வருகிறவர்களும் மையத்துக்கு வந்து திரும்புகிறவர்களும் அந்தத் தட்டில்தான் வந்தார்கள்.

1973இல் ரஜூலா இந்தியக் கப்பல் கழகத்தின் கைக்கு வந்து, அடுத்த வருஷமே உடைப்புக்குப் போனது. அந்தப் பாதையில் ஓட வந்தது எம்.வி. சிதம்பரம். 1966இல் 'பாஸ்தர்' என்ற பேரில் பிரான்சில் கட்டப்பட்டது, தென்னமெரிக்கப் பாதையில் ஓடிய பயணிக் கப்பல். 1985 பிப்ரவரி 12 அன்று, சிங்கப்பூரிலிருந்து திரும்பும் வழியில், வங்காள விரிகுடாவில் அதில் தீப்பிடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கப்பல் மறுபடி ஓடவில்லை. அதற்குப் பதிலாக வேறொரு கப்பலும் வரவில்லை. விபத்து நடந்தது ஒரு கப்பலுக்கு, நின்றுபோனது ஒரு பாதை. ரயில் கவிழ்ந்தால் தண்டவாளத்தைச் சரிபண்ணி மறுநாள் ரயில் விடுகிறார்கள். இங்கே 'பழுது' என்ற சொல் 'முடிவு' என்ற சொல்லாகச் சத்தமில்லாமல் மாறிக்கொண்டது. நாகப்பட்டினத்துக் கடற்கரையில் ஒரு கூட்டம் கூடக் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கேட்டவர்கள் குரல் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் பிரச்சினை.

இதற்கு முந்தைய வருஷத்தைப் பாருங்கள். பாம்பன் பாலம் திறந்த 1914இலிருந்து ரயிலும் கப்பலுமாக தனுஷ்கோடி-தலைமன்னார் பாதை இருந்தது. கார்டு லைன் வருவதற்கு முன் போட் மெயில் கடலூர், சிதம்பரம் வழியாகத்தான் போகும். நம்மூர்க்காரர்கள் அதில் ஏறிக் கொழும்புக்குப் போவது டவுனுக்குப் போவது மாதிரி. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். நாடற்றவர்களாக்கப்பட்ட மலையக மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். அரிசி மூட்டை பிரிப்பது மாதிரி. இரண்டு மாசம் ஆவதற்குள், டிசம்பர் 22-23 இரவில், புயல் தனுஷ்கோடியை அழித்தது, பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோனது. அதன்பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவர்களை, பார்த்தேயிராத 'தாயகத்துக்கு' ராமானுஜம் கப்பல் கொண்டுவந்து இறக்கியது. மண்டபம் முகாம், அங்கிருந்து கோத்தகிரி, கூடலூர்.

1984இல், இலங்கையில் போர் மூண்டதும், அந்தக் கப்பல் நின்றது. இந்தியக் குடியுரிமை தரப்பட்டு இன்னும் கப்பலேறாத எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கேயே நின்றுபோனார்கள். யோசித்துப் பாருங்கள். காகிதத்தில் அவர்கள் இந்தியர், கால் இருப்பது இலங்கையில், நடுவில் கப்பல் இல்லை. பிரயாணத் தடங்கல் என்று பத்திரிகைகள் எழுதுமே, அதன் மிக நீண்ட வடிவம் இது. 2003இல் இலங்கைச் சட்டம் அவர்களுக்கும் குடியுரிமை வழங்கும்வரை பத்தொன்பது வருஷம். ஆனால் இந்தத் தடங்கலைத் துயரம் என்று மட்டும் எழுதிவிட முடியாது. கப்பல் ஓடியிருந்தால் இந்த எண்பதாயிரம் பேரும் அவர்கள் கேட்காத ஒரு நாட்டுக்கு ஏற்றப்பட்டிருப்பார்கள். கப்பல் நின்றதால் பிறந்த மண்ணில் தங்கினார்கள், 83க்குப் பிந்தைய அந்த மண்ணில். எது பழுது, எது ஓட்டம் என்று யார் தீர்மானிப்பது?

மூன்றாவது படகு சின்னது. குமுதினி. யாழ்ப்பாணத்துத் தீவுகளில் குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் நடுவே ஓடிய மரப்படகு. 1985 மே 15 அன்று நடுக்கடலில் நிறுத்தப்பட்டு, பெண்களும் குழந்தைகளுமாக இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டார்கள். ஊரார் சொல்லும் கணக்கு முப்பத்தாறு. வந்தவர்கள் கடற்படையினர் என்று பிழைத்தவர்கள் சாட்சி சொன்னார்கள். அதற்குப் பிறகும் அதே குமுதினிதான் அதே பாதையில் ஓடியது. இதை நினைக்கும்போது எனக்குத் திகைப்பாக இருக்கிறது. சிதம்பரம் எரிந்ததும் பாதையை மூடிவிட முடிந்தது, விமானத்தில் போகக்கூடியவர்கள் போய்க்கொண்டார்கள். நெடுந்தீவுக்காரருக்கு வேறு வழி கிடையாது. ரத்தத்தைக் கழுவிய பலகையில்தான் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயாக வேண்டும். போருக்குப் பிறகு வடதாரகை வந்தது, 2017இல் நெடுந்தாரகை வந்தது. அவையும் மாறிமாறிப் பழுதாகின்றன. ஆசிரியர் வரவில்லை, பிரசவ வலி எடுத்தவளைக் கொண்டுபோக முடியவில்லை என்று சேதி வந்துகொண்டேயிருக்கிறது. 'படகு பழுது, தீவு மக்கள் அவதி.' 'அவதி' என்ற அந்தச் சொல் எவ்வளவு சௌகரியமான சொல்! அதில் காரணகர்த்தா கிடையாது. மழை பெய்கிற மாதிரி அவதி பெய்கிறது.

ராமானுஜம் 1984, சிதம்பரம் 1985 பிப்ரவரி, குமுதினி மே. இந்த மூன்றுக்கும் ஒரே காரணம் இருந்ததாக நான் சொல்லவில்லை. ஒன்று போர், ஒன்று தீ, ஒன்று கொலை. சதிக் கதை எழுதுவது சுலபம், பிரயோஜனமில்லாதது. நான் சொல்வது வேறு: காரணங்கள் வேறுவேறாக இருந்தும் விளைவை யாரும் பழுது பார்க்கவில்லை. ஏறக்குறைய ஒரே வருஷத்துக்குள் தமிழ் பேசும் ஏழைகளின் கடல் கிழக்கிலும் தெற்கிலும் மூடிக்கொண்டது. தமிழின் பெருமை என்று கடாரம் கொண்டதை மேடைமேடையாகப் பேசிக்கொண்டிருந்த காலமும் அதுதான். கடாரத்துக்கு டெக் டிக்கெட் இல்லாமல் போனதைப் பற்றி எந்த மேடையும் பேசினதாக எனக்குத் தெரியவில்லை. பின்னால் வளைகுடாவுக்குப் போனவர்கள் ஏஜெண்டுக்குப் பணம் கட்டி, வீட்டை அடமானம் வைத்து, விமானத்தில் போனார்கள். பரங்கிப்பேட்டையிலும் சபர் நிற்கவில்லை, கடனாக மாறியது.

பிறகு இரண்டு தடவை கதவைத் திறந்து பார்த்தார்கள். 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஸ்கோஷியா பிரின்ஸ், அந்த வருஷம் முடிவதற்குள் நின்றது. 2023 அக்டோபர் 14இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு செரியபாணி. பிரதமர் காணொலியில் தொடங்கிவைத்தார், முதல் நாள் ஐம்பது பேர் போனார்கள். 20ஆம் தேதியோடு நின்றது. காரணம் பருவமழை. ஐப்பசியில் வங்கக் கடலில் காற்று வரும் என்பது பரங்கிப்பேட்டையில் பாய்மரம் கட்டியவனுக்கு முந்நூறு வருஷத்துக்கு முன்னால் தெரியும். 2024 மே மாதம் மறுபடி தேதி அறிவித்துத் தள்ளிவைத்தார்கள், பிறகு ஆகஸ்ட் 16இல் சிவகங்கை என்ற கப்பல் கிளம்பியது, மழைக்காலம் வந்ததும் அதுவும் நின்று, பிறகு மீண்டும் ஓடியது. முன்பு தோணிக்காகக் காத்திருந்த அதே நாகப்பட்டினத்தில்தான் இப்போதும் பயணிகள் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த தேதி என்ன என்று கவுண்டரில் கேட்கிறார்கள்.