பத்தாயத்துல கிடந்த பிலிம் சுருள்

போன வாரம் பத்தாயத்தைச் சுத்தம் பண்ணப்ப, காஞ்ச வேப்பிலைக்கு நடுவுல ஒரு மஞ்சள் டப்பா கிடைச்சது. உள்ளே சூப்பர் 8 கோடாக்குரோம் பிலிம். டப்பா மேல கழுவ வேண்டிய கெடு, 1981.

திருச்சிக்கும் படச்சுருளுக்கும் உறவு பழசுங்க. 1905-ல் தென்னிந்திய ரயில்வே ஊழியரான சாமிக்கண்ணு வின்சென்ட், இங்கே வந்து நோயில் விழுந்த டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படங்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராக டெண்ட் கொட்டகை போட்டார். 1965-ல் கோடாக் கம்பெனி சூப்பர் 8-ஐக் கொண்டுவந்த பிறகு, படம் எடுக்கிறது வீட்டு விசேஷம் வரைக்கும் சுலபமா வந்துட்டுது. ஒரு சுருள் 50 அடி. விநாடிக்கு 18 படம் ஓடினால் 3 நிமிஷம் 20 விநாடி. அவ்வளவுதான்.

1987 மார்ச் 25. பல நூற்றாண்டா மொட்டைக் கோபுரமா நின்ன ஸ்ரீரங்கம் தெற்கு ராயகோபுரம், அகோபில மடம் 44-ஆம் ஜீயர் முயற்சியில் 13 நிலையா எழும்பி, கும்பாபிஷேகம். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த சித்தப்பாகிட்ட இருந்தது இந்த ஒரே சுருள். கெடு முடிஞ்சு ஆறு வருசம். பழைய பிலிம் வெளிச்சத்தை வாங்குற சக்தியை இழக்கும், நிறம் மாறும், சூட்டில் மூட்டம் விழும்னு தயங்கினார்.

அப்பா சிரிச்சார். "பழைய விதை நெல்லுன்னா தூக்கியா போடுறோம்? கூட ரெண்டு மரக்கா விதைக்கிறோம்ல? வெளிச்சத்தைக் கூடக் குடுடா."

நல்ல வெயில்ல எடுத்தாங்க. தோள்ல துண்டோட அப்பா, பின்னாடி கோபுரம். சித்தப்பா ஊர் திரும்பினார். சுருள் பத்தாயத்துக்குப் போச்சு.

கோடாக்குரோம்ல சாயம் பிலிமுக்குள்ளே கிடையாது, கழுவும்போதுதான் ஏத்தணும். நம்மூர் ஸ்டூடியோவில் ஆகாத வேலை. உலகத்துலேயே கடைசியா அதைக் கழுவின அமெரிக்க லேப், 2010 டிசம்பர் 30-க்கு மேல் சுருள் வாங்கலை.

இப்ப கழுவினா கறுப்பு வெள்ளையாத்தான் வரும். அதுவும் வந்தாத்தான். இத்தனை கோடை பத்தாயத்துல கிடந்திருக்கு. அப்பா போய் ஒன்பது வருசமாச்சு. அவர் நடக்குற படம் வேற எதுவும் எங்ககிட்ட இல்லை. கழுவாத வரைக்கும் அவர் உள்ளே இருக்கார்னு நினைச்சுக்கலாம். கழுவி வெறும் மூட்டமா வந்துட்டா?

ஆனா விதைக்காத நெல்லு முளைக்காது. சம்பா அறுப்பு முடிஞ்சதும் அனுப்பப் போறேன். அதுவரைக்கும் பிரிட்ஜுல, கறிவேப்பிலைக்குப் பக்கத்துல இருக்கு.

உங்க வீட்டுப் பரண்ல இப்படி ஏதாவது கிடந்தா, இந்தக் கோடைக்கு முன்னாடி இறக்கிடுங்க.