மேசை யாருடையது?

2023 ஜனவரியில் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் ஓர் உரிம வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. வறண்ட சட்ட மொழி. அதனுடன் வந்த கொள்கைக் குறிப்பில் மட்டும் ஒரு விநோதமான எடுத்துக்காட்டு இருந்தது. 'மேஜிக் மிசைல்' என்ற மந்திர அம்பை ஒருவர் ஏவும்போது அது திரையில் பாய்ந்து எதிரியைத் தாக்குவதுபோல் மென்பொருள் அசையும் படம் காட்டினால், அது மேசை விளையாட்டு அல்ல, வீடியோ விளையாட்டு. உரிமம் அதற்குச் செல்லாது. அம்பை மனத்துக்குள் கற்பனை செய்துகொண்டால் சரி. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மேசை எங்கே முடிந்து கணினி எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி ஏறக்குறைய ஐம்பது ஆண்டு பழையது.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கியது. முதல் அச்சு 1,000 பிரதிகள். நம்மில் பலருக்குப் பிள்ளைகள் வழியாகவே இது அறிமுகம் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் நடத்துநர், அவர் ஓர் உலகை விவரிக்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, தாங்கள் செய்ய நினைப்பதைச் சொல்கிறார்கள். எதையும் சொல்லலாம். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். நம் தாயக்கட்டைக்கு நான்கு முகம் போதும். இவர்களுக்கு இருபது முகம் வேண்டும்.

இவ்வளவு கூட்டல் கழித்தல் உள்ள விளையாட்டைக் கணினிக்காரர்கள் சும்மா விடுவார்களா? மறு ஆண்டே, 1975இல், இலினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினி வலையமைப்பில் 'பெடிட்5' என்ற நிரல் தோன்றியது. பாடத்துக்கான கோப்புபோலப் பெயர் சூட்டி ஒளித்து வைக்கப்பட்ட விளையாட்டு அது. நிர்வாகிகள் கண்டுபிடித்து அழித்தார்கள். அதற்குள் மற்றவர்களும் அதேபோல் எழுதத் தொடங்கியிருந்தார்கள். அவற்றில் கணினியே நடத்துநரின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. எழுதிவைத்த வழிகளைத் தவிர வேறெதையும் அதனிடம் கேட்க முடியாது. காவலாளியிடம் பொய் சொல்லிப் பார்க்கலாமா, பூதத்துக்குப் பாட்டுப் பாடிக் காட்டலாமா என்றால் அதற்குப் புரியாது. இன்று கோடிக்கணக்கில் விற்கும் கணினி விளையாட்டுகளின் ஒரு கிளை இங்கிருந்து வளர்ந்தது. என் அக்கறை இன்னொரு கிளையின் மேல்: நாற்காலியில் மனிதரையே விட்டுவிட்டு, மேசையை மட்டும் கணினிக்குள் கொண்டுவர முயன்றவர்கள்.

அவர்கள் மெதுவாகவே வந்தார்கள். 1996இல் விதிநூல்களின் குறுந்தகடு வந்தது. அது ஒரு நல்ல எழுத்தர், அவ்வளவுதான். 2000இல் விளையாட்டின் அடிப்படை விதிகளைப் பிறரும் பயன்படுத்தலாம் என்று திறந்த உரிமம் வந்தபிறகு கதை மாறியது. ஆர்வலர்கள் பாத்திரங்களை உருவாக்க 'பிசிஜென்' எழுதினார்கள். இணையத்தில் கூடி ஆட 'ஓப்பன்ஆர்பிஜி' வந்தது. 2004இல் பின்லாந்திலிருந்து 'ஃபேன்டசி கிரவுண்ட்ஸ்' வந்தது. அதில் பகடையைச் சுட்டியால் பிடித்து வீசலாம். அது உருண்டு நிற்கும்.

இந்த உருளும் பகடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒன்றிலிருந்து இருபதுக்குள் ஓர் எண்ணைப் பெற எனக்கு ஒரே ஒரு வரி நிரல் போதும். உருட்டிக் காட்டுவதற்கு இயற்பியல், ஒளி, நிழல் என்று ஏகப்பட்ட வேலை. வாடிக்கையாளர் கேட்டால் வீண் செலவு என்றுதான் சொல்வேன். ஆனால் பகடை நிற்கும்வரை எல்லோரும் மூச்சைப் பிடித்திருக்கும் அந்த இரண்டு நொடிதான் விளையாட்டு. வரைபடமும் அப்படித்தான். மேசையில் நடத்துநர் காகிதத்தால் மூடிவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குவார். மென்பொருளில் ஒவ்வொருவர் கையிலுள்ள தீப்பந்தத்தின் வெளிச்சம் எட்டும் அளவுக்கே அவரவர் திரையில் குகை தெரியும்படி செய்யலாம். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிவது எனக்குத் தெரியாது. நான் கேட்க வேண்டும், அவர் சொல்ல வேண்டும். பேச்சைக் குறைக்காமல் கூட்டிய கருவி இது. மேசையிலேயே இல்லாத வசதி.

விளையாட்டின் உரிமையாளரும் சும்மா இருக்கவில்லை. 2007இல் நான்காம் பதிப்பை அறிவித்தபோதே முப்பரிமாண மெய்நிகர் மேசையையும் அறிவித்தார்கள். 2008இல் புத்தகம் வந்தது, மேசை வரவில்லை. பின்னர் எளிமையான வடிவில் சோதனைக்கு விட்டு, 2012இல் மூடினார்கள். பாத்திரம் உருவாக்கும் செயலி மட்டும் அருமையாக அமைந்தது. முதலில் அது நம் கணினியில் நிறுவிக்கொள்ளும் மென்பொருள். 2010 இறுதியில் அதை நிறுத்தி, சந்தா கட்டுவோருக்கு சில்வர்லைட்டில் ஓடும் இணைய வடிவத்தைத் தந்தார்கள். சில்வர்லைட்டே பின்னால் செத்துப்போனது. 2020 பிறந்தபோது அந்தக் கருவிகளும் இல்லை. என் தொழிலில் இது அன்றாடம் பார்ப்பது. வாடகைக்கு எடுத்த மென்பொருளில் வைத்த கணக்கேடு வாடகைக்காலம் வரைதான். கணக்கேடு போனால் இன்னொன்று எழுதலாம். நான்கு ஆண்டு நண்பர்களோடு வளர்த்த பாத்திரம் அப்படியல்ல.

நிறுவனம் தன் மேசையை மூடிய அதே 2012இல்தான் ஒரே அறையில் தங்கிப் படித்த மூன்று நண்பர்கள் 'ரோல்20'க்காகக் கிக்ஸ்டார்ட்டரில் 5,000 டாலர் கேட்டார்கள். ஏறக்குறைய 40,000 கிடைத்தது. படிப்பு முடிந்து வேறு வேறு ஊர்களுக்குப் போன பிறகும் சேர்ந்து ஆட வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. என்னுடன் முதுகலை படித்தவர்கள் இன்று மூன்று நேர மண்டலங்களில் இருக்கிறார்கள். எங்கள் வாராந்தரச் சந்திப்பு திருமணங்களிலோ வாட்ஸ்அப்பிலோ அல்ல, இப்படியொரு மேசையில்தான் நடக்கிறது. 2020இல் உலகமே வீட்டுக்குள் அடைந்தபோது மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். அந்த மே மாதம் 'ஃபவுண்டரி' வெளியானது: ஒருமுறை விலை கொடுத்தால் போதும், நம் சொந்தக் கணினியிலேயே ஓடும். நானாக இருந்தால் இதைத்தான் பரிந்துரைப்பேன், நிறுவுவதற்குக் கொஞ்சம் பொறுமை இருந்தால்.

இந்தப் பின்னணியில்தான் 2023 வரைவு. 2000இன் திறந்த உரிமத்தைச் செல்லாததாக்கி, மற்றவர்களின் மேசை எவ்வளவு அழகாக இருக்கலாம் என்பதையும் தாமே தீர்மானிக்கப் பார்த்தார்கள். கருத்துச் சொன்னவர்கள் 15,000 பேருக்கு மேல். மெய்நிகர் மேசைக் கொள்கை பிடிக்கவில்லை என்றவர்கள் 86 விழுக்காடு. ஜனவரி 27 அன்று நிறுவனம் பின்வாங்கியது. பழைய உரிமத்தைத் தொடவில்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸில் வைத்துவிட்டது. அதைத் திரும்பப் பெற முடியாது. மந்திர அம்பு இனி யார் திரையிலும் பாயலாம்.

முப்பரிமாண ஆசை மட்டும் விடவில்லை. 'சிகில்' என்ற பெயரில் 2025 பிப்ரவரியில் அதிகாரபூர்வமான மேசை கடைசியில் வந்தே விட்டது: நிழல் விழும் பொம்மைகள், புகை, நெருப்பு. மறு மாதமே அதைக் கட்டிய குழுவில் பெரும்பாலோரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த வாரமும் நாங்கள் கோடு போட்ட தாளில் நடத்துநர் கையால் வரைந்து, கைபேசியில் படமெடுத்து ஏற்றிய வரைபடத்தின்மேல் வட்ட வட்டக் காய்களை நகர்த்திக்கொண்டிருந்தோம்.